நான்கு புள்ளியில் நான்கு வாரம்

ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு பிள்ளைகளின் டிராயிங் நோட்டுகளையும் பட்டறைத் தரையில் வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து பத்து வாரம் என் ஞாயிறு ஓவிய வகுப்பு நடந்திருந்தது. வாரம் ஒரு தலைப்பு: மழைக்காலம், எங்கள் ஊர், தேர்த் திருவிழா, என் குடும்பம் என்று. ஒவ்வொரு நோட்டிலும் தலைப்பு மட்டும்தான் மாறியிருந்தது. படத்தில் இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், மலை இடுக்கிலிருந்து ஒரு ஆறு, ஓரத்தில் வளைந்த தென்னை, ஒரு குடிசை. தேர்த் திருவிழா என்றால் அந்த இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு தேர். குடும்பம் என்றால் அதே குடிசை வாசலில் நான்கு குச்சி மனிதர்கள்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். மொட்டை மாடியில் ஏறி நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல், வாழை, தென்னை, கோபுரம்தான் தெரியும். மலை என்பதே கண்ணில் படாத ஊரில் பிள்ளைகள் பத்து வாரமும் மலை வரைந்திருக்கிறார்கள். யாரோ எப்போதோ கரும்பலகையில் போட்டுக் காட்டிய மலை அது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. வண்ணமெல்லாம் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் தீட்டியிருந்தது. கிரேயான் பெட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்தால் பாதிக் குச்சிகள் புதுசு மாதிரியே கூர் மழுங்காமல் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். "அழுத்துனா தீந்துடும் மாமா" என்றாள். நீலம் சீக்கிரம் தீரும் என்று வானத்தையே வெள்ளையாக விட்டிருந்தாள்.

நான் போர்டு எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடைப் பலகை வேலை குறைந்துவிட்டது; வண்டி நம்பர், கோயில் சுவர், பள்ளிச் சுவர் என்று ஏதோ ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கை சும்மா இருக்கிறதே என்றுதான் தெருப் பிள்ளைகளைக் கூட்டி இந்த வகுப்பைத் தொடங்கினேன். காசு வாங்குவதில்லை. அதனாலேயே ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற நினைப்பு எனக்கு அதிகம். அன்றைக்கு ராத்திரி அந்த நோட்டுகளை எடுத்து அடுக்கும்போது என் வாத்தியார் ஞாபகம் வந்தது.

தஞ்சாவூரில் அவரிடம் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. முதல் மாதம் முழுக்க மேலிருந்து கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட வேண்டும். தகரம் நிரம்பியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி. இரண்டாவது மாதம் படுக்கைக் கோடு. அப்புறம் இடது வளைவு, வலது வளைவு. 'வ', 'ல', 'ழ' எல்லாம் அந்த வளைவுகள் கையில் வந்த பிறகுதான். ஆறாவது மாதம் ஒரு மளிகைக் கடைப் பலகையில் ஒரே ஒரு 'ளி' எழுத விட்டார். அந்த ஒற்றை எழுத்தை எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கை வந்தது அந்த வழியில். பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது வேறு வழி: புதுத் தலைப்பு, புதுச் சாமான், என்ன வரையலாம் என்ற திகைப்பு. திகைத்த பிள்ளை தனக்குத் தெரிந்த மலையைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. 'என்ன வரைவது' என்ற கேள்வியை எடுத்துவிட்டால் 'எப்படி வரைவது' என்பதில் கண் போகும் என்று தோன்றியது. அதே போல், தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லாத சாமானாக இருக்க வேண்டும்.

சரி, எதைத் திருப்பித் திருப்பிப் போடுவது? பதில் எதிர்வீட்டு வாசலில் இருந்தது. அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல். விடிகாலையில் சாணி தெளித்து, குனிந்த முதுகு நிமிராமல் சிக்குக் கோலம் போட்டு முடித்துவிட்டுத்தான் காபி குடிப்பார். போய்க் கேட்டேன். "இதையெல்லாமா தம்பி கிளாஸ் வச்சுச் சொல்லிக் கொடுப்பாங்க? பாத்துப் பாத்து வர்றதுதானே" என்றார். ஆனாலும் வந்தார்.

முதல் வாரம், வெறும் தண்ணீர்

கோலமாவைக் கையில் கொடுக்கவில்லை. தெருமுனையில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இருக்கிறது. குறுவை அறுப்பு வரும் வரை அது காலியாகத்தான் கிடக்கும். அங்கே ஒரு வாளித் தண்ணீர், தேங்காய் மட்டைத் துண்டுகள், வேப்பங்குச்சிகள். மட்டையின் ஒரு முனையைக் கல்லில் வைத்துத் தட்டினால் நார் பிரிந்து தடிமனான பிரஷ் ஆகிவிடும். வேப்பங்குச்சியைப் பல் விளக்குவது மாதிரி மென்றால் மெல்லிசான பிரஷ். இதைச் செய்யப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பையன் எனக்கே, "இன்னும் கொஞ்சம் மெல்லுங்க மாமா, நார் தடியா இருக்கு" என்று சொன்னான்.

போட வேண்டியது நான்கு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. எதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு புள்ளிகளைச் சுற்றி ஒரு நீள்வளையம். மற்ற இரண்டையும் சுற்றி இன்னொரு நீள்வளையம். நடுவில் இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஒரு சின்னச் சாய்சதுரத்தை விடும். சிக்குக் கோலத்தில் இதைவிடச் சின்னதாக உருப்படியான ஒன்று கிடையாது.

தண்ணீரில் போடுவதன் அருமை அன்றைக்கே தெரிந்தது. காலை ஏழரைக்குப் போட்ட கோடு கொஞ்ச நேரம் கறுப்பாக நிற்கும். ஒன்பதரை மணி வெயிலில் வளையத்தை முடிப்பதற்குள் தொடங்கிய இடம் மறைய ஆரம்பிக்கும். கோணலாகப் போனாலும் அழிக்க வேண்டியதில்லை, வெயில் பார்த்துக்கொள்ளும். ரப்பர் கேட்டு ஒரு குரல்கூட வரவில்லை. பத்து வாரமும் வரைந்ததைவிட ரப்பரால் தேய்த்ததே அதிகம் என்று இருந்த பிள்ளைகள் இவர்கள். அன்றைக்கு ஆளுக்கு முப்பது நாற்பது தடவையாவது போட்டிருப்பார்கள்.

ஒரு சிக்கல் வந்தது. நாலாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "கோலம் பொம்பளைப் புள்ளைங்கதான் போடும்." நான் ஒன்றும் பேசவில்லை. என் பெரிய பிரஷை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து இரண்டு முழ அகலத்துக்கு நான்கு புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். வண்டி நம்பர் எழுதும் பிரஷ் அது என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை.

இரண்டாம் வாரம், மூலையில் முறிகிற கோடு

எல்லாருக்கும் ஒரே இடத்தில் தவறியது. புள்ளியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் கோடு வளையாமல் முறிந்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டது. ஒரு பையனின் கையைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நேராக வரும்போது மட்டை வேகமாக வருகிறது. புள்ளிக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்கிறது. அவன் மூச்சையும் பிடித்துக்கொள்கிறான். மட்டையின் நுனியையே வெறித்துப் பார்க்கிறான். பிறகு மணிக்கட்டை மட்டும் திருகி வேறு பக்கம் இழுக்கிறான். நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டி ஒரு குளம்.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். 'ழ' எழுதும் காலத்தில் எனக்கும் வாத்தியார் இதைத்தான் சொன்னார்: கண் பிரஷ் நுனியில் இருக்கக் கூடாது, பிரஷ் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அந்தப் பையனின் அடுத்த புள்ளிமேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். "கொட்டையை மட்டும் பாரு. கையை மறந்துடு" என்றேன். மூன்று தடவை பிசகியது. நான்காவது தடவை மட்டை நிற்காமல் சுற்றி வந்தது, தோள்பட்டையிலிருந்து முழுக் கையும் சேர்ந்து. அவனுக்கே தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. உடனே ஐந்தாவதைப் போட்டான்.

அன்றிலிருந்து புளியங்கொட்டை வகுப்பில் நிரந்தரமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு டப்பா நிறைய. யாருக்காவது கோடு முறிந்தால் பக்கத்துப் பிள்ளையே அவர்கள் முன்னால் ஒரு கொட்டையை வைத்துவிடும்.

புள்ளி வைப்பதும் இதே வாரத்தில் சரியானது. ஸ்கேல் தரலாம், எங்கள் தொழிலில் செய்வது போல நூலில் நீலம் தடவித் தரையில் தட்டிக் கோடும் விழச் செய்யலாம் என்று நினைத்தேன். அத்தை வேண்டாம் என்றார். கையை விரித்துத் தரையில் வைத்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உள்ள தூரம் ஒரு இடைவெளி என்று காட்டினார். அவரவர் கைக்கு அவரவர் கோலம். சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கோலம், அதன் கை எட்டும் அளவுக்கு. ஸ்கேல் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் ஒரே அளவு வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கோலத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் தவித்திருக்கும்.

மூன்றாம் வாரம், சலிப்பு

"இன்னிக்கும் அதேதானா மாமா?" களத்துக்கு வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார்கள். இரண்டு பேர் வரவேயில்லை. ஒரு அம்மா வந்து, டவுனில் ஒரு வகுப்பில் மாதத்துக்குள் பரிசு வாங்கும் அளவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், நீங்கள் என்னடாவென்றால் தண்ணீரைத் தெளித்து விளையாட விட்டிருக்கிறீர்களே என்று வருத்தமாகக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை, எல்லாம் காய்ந்துபோயிருந்தது.

இந்த இடத்தில்தான் மனம் மாறப் பார்த்தது. ஆறு புள்ளி, எட்டுப் புள்ளி என்று பெரிதாக ஏதாவது கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது எப்போதோ படித்த ஒரு சம்பவம். 1907இல் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, மரக்கட்டையில் இருக்கும் குழிகளில் அளவு பார்த்து உருளைகளைப் போடுவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்தது. சுற்றிப் பாட்டுப் பாடினாலும், நாற்காலியோடு தூக்கி வைத்தாலும் அது கவனிக்கவில்லை. முடித்த பிறகு களைப்பில்லாமல், தூங்கி எழுந்தது மாதிரி நிமிர்ந்து பார்த்ததாம். மாண்டிசோரி பின்னால் 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். குழந்தை ஒன்றையே திருப்பிச் செய்வதைப் பெரியவர்கள்தான் சலிப்பு என்று நினைக்கிறோம். முப்பதாவது தடவைக்கு அப்புறம் நடப்பது வேறு.

அதனால் கோலத்தை மாற்றவில்லை, தரையை மாற்றினேன். களத்துச் சிமெண்டிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையின் சிவப்புத் தரைக்கு. கைப்பிடி ஆற்று மணலைச் சலித்துப் பரப்பி அதில் விரலால். பழைய ஓட்டில் கரித்துண்டால். சிலேட்டில் பல்பத்தால். கோலம் அதே நான்கு புள்ளி. மணலில் விரல் போகும்போது கோடு பள்ளமாகிறது, இரண்டு பக்கமும் கரை எழும்புகிறது. ஒரு சிறுமி இரண்டு வளையம் வெட்டும் இடத்தில் நின்று, "எது மேல போவுது, எது கீழ போவுது?" என்று கேட்டாள். தண்ணீரில் இரண்டு வாரம் போட்டபோது வராத கேள்வி. மணலில் பின்னால் வந்த கோடு முன்னதை அறுத்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்ததும் கேட்டுவிட்டாள். கோடு என்பது ஒரு கயிறு மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் என்பது அவளாகவே கண்டுபிடித்தது.

வராமல் நின்ற இருவரும் நான்காம் வாரம் திரும்பி வந்தார்கள்.

மாவு விரலில் நிற்கிறது, தரையில் விழவில்லை

ஐந்தாம் வாரம் மாவைக் கையில் கொடுத்தேன். வீட்டில் அரைத்த பச்சரிசி மாவு, நைஸாகச் சலித்தது. அன்றைக்கு வகுப்பு முழுத் தோல்வி. பிள்ளைகளின் உள்ளங்கை வேர்த்து மாவு பிசுபிசுத்தது. விரலிடுக்கில் கட்டியாகத் தொங்கி, திடீரென்று ஒரு குவியலாக விழுந்தது. பத்து நிமிஷத்தில் எறும்பும் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கோலத்தை விட்டு எறும்பு ஊர்வதைப் பார்க்கப் போய்விட்டார்கள். எறும்புக்குப் போடுவதுதான் அரிசி மாவுக் கோலம் என்று அத்தை சிரித்துக்கொண்டார்.

சரிசெய்தது இப்படி. கடையில் விற்கும் கோலமாவு கல்லை இடித்தது. கொஞ்சம் மொரமொரப்பாக இருப்பதால் விரலில் ஒட்டாமல் சரசரவென்று இறங்கும். அது இரண்டு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு கலந்தோம். தனிக் கோலமாவு குழந்தைக் கைக்கு மிக வேகமாக ஓடிவிடுகிறது. அரிசி மாவு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. கையில் எடுக்கும் முன் உள்ளங்கையைக் காய்ந்த துண்டால் துடைத்துக்கொள்வதும் வழக்கமாகியது.

பிடிக்கும் விதத்தை அத்தை ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினார். மாவை நடுவிரல் தாங்க வேண்டும், ஆட்காட்டி விரல் அணை, கட்டைவிரல்தான் அதை மெல்ல முன்னால் தள்ளும். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம். அதைவிட மேலே போனால் மாவு சிதறும், கீழே போனால் நகம் கோட்டை உழும். ஒரு குழந்தையின் கட்டைவிரலைப் பின்னாலிருந்து தன் விரலால் தள்ளிக்கொண்டே வந்தார், முழு வளையத்துக்கும். அந்தக் குழந்தை வாயைத் திறந்தபடி தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தது. இதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. மாவுக் கோலம் சொல்லித்தர நினைப்பவர்கள் தெருவில் ஒரு பாட்டியைக் கூட்டி வந்துவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம். எங்களுக்கு ஒரு முழு வரிசை பறந்துபோனது.

எத்தனை தடவை கையை எடுக்கிறோம்

புரட்டாசி நடுவில் குறுவை அறுப்பு தொடங்கிக் களத்தில் நெல் விரித்துவிட்டார்கள். வகுப்பு முழுசாகத் திண்ணைக்கும் பட்டறைக்கும் வந்தது. நான்கு புள்ளி எல்லாருக்கும் கண்ணை மூடினால் வரும் அளவுக்குக் கைக்கு வந்திருந்தது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளிக்குப் போனோம். அங்கே இரண்டு நீள்வளையம் மூலைக்கு மூலை சாய்ந்து கிடக்கும், நடுவில் பெரிய சாய்சதுரமாக ஒரு வளையம். மூன்று தனி இழை, அதாவது மூன்று தடவை கையை எடுத்து எடுத்துப் போட வேண்டும்.

அடுத்த வாரம் மூன்றுக்கு நான்கு. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போட்டுக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, கையை எடுக்கவே இல்ல. எல்லாம் ஒரே கோட்டுல முடிஞ்சிருச்சு." சின்னக் கோலத்துக்கு மூன்று இழை, பெரிய கோலத்துக்கு ஒரே இழை! அவள் நம்பாமல் அழித்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கறுப்புத் தகரத்தைச் சுவரில் சாய்த்து அதில் கணக்கு எழுதிக்கொண்டே வந்தோம். இரண்டுக்கு இரண்டு, இழை இரண்டு. இரண்டுக்கு மூன்று, ஒன்று. இரண்டுக்கு நான்கு, இரண்டு. நான்குக்கு நான்கு, நான்கு. நான்குக்கு ஐந்து, ஒன்று. நான்குக்கு ஆறு போட அரை நாள் ஆகியது, இழை இரண்டு.

தம்பியைக் கூப்பிட வந்த ஆறாம் வகுப்புப் பையன்தான் தகரத்தைப் பார்த்துவிட்டு, இது மீப்பெரு பொதுக் காரணி ஆச்சே என்றான். ஆமாம், இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை இழை. நேர்ப்புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றி, ஓரத்தில் மட்டும் திரும்பி வரும் கோலத்துக்கு இது எப்போதும் சரியாக வரும். நடுவில் எங்காவது கோட்டை வளைத்துத் திருப்பினால் கணக்கு மாறிவிடும். ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி விழும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வழி வேறு.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக, அதாவது கோலத்தை உருவாக்கும் விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் கோலம் போடும் பெண்களிடம் இருக்கும் ஒழுங்கை அவர்கள் கணிதமாகப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலா பக்கம் சோக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்து அதைச் சுற்றி விரலால் ஒரே கோட்டில் சித்திரம் போடுவார்கள், சோனா என்று பெயர். அதைப் பிள்ளைகளிடம் சொன்னதும், அவர்களும் புளியங்கொட்டை வைப்பார்களா என்று ஒரு குரல் வந்தது.

ஒரே கோலத்தையே நான்கு வாரம் போட்டிருக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இது கண்ணில் பட்டிருக்காது என்று நான் நினைக்கிறேன். இரண்டு இழை என்பது அவள் கைக்குத் தெரியும். தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டதால்தான் புதியது புதியதாகத் தெரிந்தது.

வாழைமட்டையும் கருவேலம் பிசினும்

ஐப்பசி அடைமழையில் மாவுக்கு வேலையில்லை. பட்டறைக்குள் பழைய செய்தித்தாளை விரித்து அச்சுப் போட்டோம். எங்கள் ஊரில் வாழைமட்டைக்குப் பஞ்சமே இல்லை. குறுக்கே வெட்டினால் பிறை வடிவம், உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக. வெண்டைக்காய் நறுக்கினால் ஐந்து மூலைப் பூ. இந்த இரண்டும்தான், ஐந்து வாரமும்.

வண்ணம் நாங்களே செய்தோம். அடுப்புக்கரியும் செங்கல்லும் இடித்து வேட்டித் துணியில் சலித்தது. செம்மண். மஞ்சள்தூள். மஞ்சளில் துளி சுண்ணாம்பைத் தொட்டால் குங்குமச் சிவப்பாகும் என்பதை ஆரத்தி கரைக்கும்போது பார்த்திருக்கிறார்கள்; ஆனாலும் தங்கள் கிண்ணத்தில் அது நடக்கும்போது கத்தாத பிள்ளை இல்லை. சுண்ணாம்பைத் தொடும் வேலையை நானே வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அச்செல்லாம் காய்ந்ததும் தூளாக உதிர்ந்தது. பசை சேர்க்க மறந்திருந்தோம். மைதாப் பசை காய்ச்சிக் கலந்ததில் மூன்றாம் நாள் நாற்றம், மேலே பூஞ்சை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூஞ்சை வராமல் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது. கடைசியில் கருவேல மரத்துப் பிசினுக்கு வந்தோம். கொட்டைப்பாக்கு அளவு பிசினை அரை டம்ளர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டி, தூளில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்தால் ஒட்டுகிறது, நாறுவதுமில்லை. பிசின் கூடிவிட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது தண்ணீரை விடக் கூடாது, தூளைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு குறை மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. வெளிச்சுவரில் மாட்டிய தாள்களில் மஞ்சள் வெளுத்துப் போனது. கரியும் செங்கல்லும் அப்படியே இருக்கின்றன. மஞ்சள் போட்ட தாள்களை இப்போது உள்ளே மாட்டுகிறோம்.

நீல வானத்தை வெள்ளையாக விட்டாளே, அந்த மூன்றாம் வகுப்புப் பெண், ஒரு ஞாயிறு வாழைமட்டையைக் கரியில் ஒரு தடவை தோய்த்துவிட்டு மறுபடி தோய்க்காமலேயே அச்சு வைத்துக்கொண்டு போனாள். முதல் பிறை கன்னங்கரேல், அடுத்தது சாம்பல், ஏழாவது வெறும் நிழல். பழக்க தோஷத்தில் சிக்கனம் பிடிக்கிறாளோ என்று நினைத்து, கரி நிறைய இருக்கு, தோய்த்துக்கொள் என்றேன். "இல்ல மாமா, இது கொக்கு. தூரமாப் போவுது" என்றாள். பார்த்தால் உண்மையில் ஏழும் வரிசையாகப் பறந்து தாளின் மூலைக்குள் மறைந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அவள் அதே கொக்கு வரிசையைப் பதினோரு தாளில் போட்டாள். பதினோராவதில் நடுவிலே ஒன்று மட்டும் திரும்பி எதிர்ப்பக்கம் பறந்தது.

மார்கழி

தெருவெல்லாம் பெரிய கோலம். பிள்ளைகள் விடிகாலையில் எழுந்து போய், எந்த வீட்டில் எத்தனை புள்ளி, நேரா ஊடா என்று எண்ணிக்கொண்டு வந்து தகரத்தில் எழுதுகிறார்கள். நான் சொல்லவில்லை. மேலத் தெருவில் ஒரு வாசலில் கோடு ஒரு இடத்தில் தப்பாகச் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த வீட்டு அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த ஞாயிறு, ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். பழைய கிரேயான் பெட்டியையும் கரி, செங்கல் கிண்ணங்களையும் நடுவில் வைத்தேன். தலைப்பு எதுவும் சொல்லவில்லை. பதினான்கு தாளில் இரண்டில் மலை வந்தது. ஒருவனுடைய மலை முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகளால் நிரம்பியிருந்தது. அது நெல் அம்பாரம் என்றான். களத்தில் குவித்த நெல்லை அவன் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். கொக்குப் பெண் தாளைத் திருப்பி நெடுக்காக வைத்துக்கொண்டு, கீழே ஒரு வீட்டுப் படிக்கட்டு மட்டும் வரைந்தாள், படியில் இரண்டு செருப்பு. வீடு தாளுக்குள் வரவேயில்லை. நீலத்தை அழுத்தி அழுத்திப் பூசியிருந்தாள்.

எல்லாருக்கும் இப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன். நான்கைந்து பேர் கோலத்தையே காகிதத்தில் போட்டு வைத்தார்கள். அதுவும் எனக்குச் சம்மதம்தான். கோடு எங்கும் முறியவில்லை. இரண்டாம் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் அவர்களில் ஒருவன். அவன் தாள் முழுக்க நான்கு புள்ளிக் கோலம், உள்ளங்கை அளவிலிருந்து கடுகு அளவு வரை.

டவுன் வகுப்பைப் பற்றிக் கேட்ட அந்த அம்மா வந்து எல்லாத் தாளையும் பொறுமையாகப் பார்த்தார். அவர் மகன் போட்டது எது என்று நான் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட்டார்.

பொங்கலுக்கு அப்புறம் சம்பா நெல் களத்துக்கு வந்துவிடும். அதனால் திண்ணையிலேயே மாக்கோலம் தொடங்குவதாக இருக்கிறோம்: பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்து, துணித் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து மோதிர விரல் வழியாக இறக்குவது. மறுபடி நான்கு புள்ளியிலிருந்து. அத்தை பழைய வேட்டியைக் கிழித்துப் பதினான்கு துண்டாக மடித்து ஒரு டப்பாவில் போட்டு, நேற்றே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.